கட்டிலுக்குக் கீழே போன குழாய்

சென்ற மாதம் நம் பம்பலப்பிட்டி ஒஃபிசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் நால்வரையும் சந்தித்தபோது, தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டீர்கள்: "மிஸ், வீட்டுக் கழிவுக் குழாய் உடைஞ்சா ஒட்டுறதா, மாத்துறதா எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறது?" குழாயின் வயது, எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது, சரிவு கெட்டிருக்கிறதா, மண் எப்படி என்று வரிசையாகச் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று மனம் உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் நான் செய்த வேலையைப் பற்றியது. கழிவுக் குழாய் வேலையில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்க்கும் வேலையும் அதுதான்.

என்னோடு இருபது வருடம் வேலை செய்த பாஸை உங்களில் யாரும் கண்டிருக்கமாட்டீர்கள். மேசன் வேலை செய்கிற எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம் என்றாலும், எனக்குப் பாஸ் என்றால் அவர் ஒருவர்தான். சிங்களவர். இரத்மலானையில் வீடு. ஏறத்தாழ என் வயது. தமிழை அவர் தன் பாட்டில் உடைத்து உடைத்துப் பேசுவார், நான் சிங்களத்தை அப்படியே பேசுவேன். ஒருவர் பிழையை ஒருவர் திருத்தியதில்லை. பழைய மண் குழாயைக் கண்டால் சாந்துக் கரண்டியின் பிடியால் மெதுவாகத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல குழாய் மணி மாதிரிச் சொல்லும், கெட்டது பலகை மாதிரிச் சொல்லும் என்பார். வேலை முடிந்து காலி வீதிக் கடையொன்றில் மீன் வைத்த மாலுபாண் தின்று, பிளேன்ரீயும் குடித்துவிட்டு அவர் ரயிலுக்குப் போவார், நான் வீட்டுக்கு நடப்பேன். அந்த மாலை நேரங்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அப்போது அவை வெறும் களைத்த மாலைகளாகத்தான் இருந்தன.

கொட்டாஞ்சேனை வேலைக்கு முன்னால் வெள்ளவத்தையில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டில் முழுக் குழாயையும் மாற்றவேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன். முற்றம் முழுவதும் கிளறினோம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரேயொரு மூட்டுத்தான் விலகியிருந்தது, மற்றதெல்லாம் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும். அவர் கோபப்படவில்லை. அதில் நல்ல துண்டொன்றைக் கழுவித் துடைத்து, தன் துணிக்கடை வாசலில் நிறுத்தி, குடை வைக்கிற சாடியாக்கிவிட்டார். கடைக்கு வருபவர்களிடம், "இது மிஸ் பழுதெண்டு சொன்ன பைப்" என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்வாராம். காலி வீதியில் அந்தப் பக்கத்தால் நடப்பதையே நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு 'மாற்றுங்கள்' என்ற சொல் என் வாயிலிருந்து இலேசில் வரவில்லை. வெட்கப்பட்ட மனம் நிதானமாக யோசிக்காது. அந்த மனத்தோடுதான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நீங்களும் அப்படி வீடுகளுக்குப் போவீர்கள். முன்னால் ஹோல், அதற்குப் பின்னால் ஒரு அறை, பிறகு சமைக்கிற குசினி, கடைசியில் கக்கூஸ். பக்கத்தில் வழி கிடையாது. ஆகவே கக்கூஸிலிருந்து போகும் குழாய் குசினிக்குக் கீழே, நடு அறைக்குக் கீழே, ஹோலுக்குக் கீழே என்று வீட்டின் வயிற்றுக்குள்ளாலேயே ஓடித்தான் வீதிக் குழாயைச் சேரும்.

எங்களைக் கூப்பிட்டவர் ரெஜினா. நாற்பது வயதிருக்கும். கப்பல் கம்பனியொன்றில் வேலை. தகப்பனும் அவரும் மட்டும்தான் அந்த வீட்டில். கக்கூஸ் தண்ணீர் போகாமல் குசினித் தரைக்கு வருகிறது என்றார். பேசும்போது குரலைத் தாழ்த்தியே பேசினார். ஏனென்று நடு அறையைத் தாண்டும்போது விளங்கியது.

அங்கே கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பெயர் சவிரிமுத்து. ஹாபரில், அதாவது துறைமுகத்தில், முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இருதயமும் பலவீனம். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நாளுக்கு முன்னர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் தலையாட்டினேன். அவர் வலது கையைச் சற்று உயர்த்தினார். அவ்வளவுதான். நான் குசினிக்குப் போய்விட்டேன்.

குசினித் தரையில் இருந்த குழாய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, குழாய்க்குள் கமராவை விட்டோம். குசினிக்குக் கீழே ஓரிடத்தில் குழாய் நன்றாக உடைந்து மண் விழுந்திருந்தது. அதைத் தாண்டிக் கமரா நடு அறைக்குக் கீழே போனதும் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. திரையில் மண்ணிறம் மட்டும். வீதிப் பக்கத்திலிருந்து விட்டுப் பார்த்தோம். ஹோலின் கீழே ஓரளவு நல்லபடி இருந்தது. திரும்பவும் நடு அறை வந்ததும் தண்ணீர். ஆக, கட்டிலுக்குக் கீழே எட்டு அடிக் குழாயை எங்களால் பார்க்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அந்த இடத்தில் அது தொய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். இது உங்களுக்கும் தெரியும்.

பாஸ் குசினித் தரையைக் கொஞ்சம் உடைத்துக் குழாயைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், மே பைப் எக்க இவரய்," என்றார். இந்தக் குழாய் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "ஒட்டினா நிக்காது. அறைய உடைக்கவேணும்."

நான் ரெஜினாவை வாசலுக்குக் கூட்டிவந்து சொன்னேன். முழுவதும் மாற்றவேண்டியிருக்கலாம், நடு அறையையும் ஹோலையும் உடைக்கவேண்டும், ஐந்தாறு நாளாகும், தூசி பறக்கும், அப்பாவை வேறெங்காவது வைத்திருக்க இடம் உண்டா என்று கேட்டேன்.

ரெஜினா கண்ணைத் துடைத்தார். "அசைக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னாரு மிஸ். இனி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவர வேணாமாம். கிழமைக் கணக்குத்தானாம். ஆறு கிழமை, கூடினா எட்டு." ஆக, கூடிப்போனால் இரண்டு மாதம்.

அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று உங்களைக் கேட்கிறேன். உடனே பதில் சொல்லாதீர்கள். எனக்கு அப்போது அது கடினமான கேள்வியாகவே படவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டில், தன் அறையில் சாக வந்திருக்கிறார். அவர் கட்டிலுக்குக் கீழே அலவாங்கு போட்டுத் தரையை உடைப்பதா? நான் சொன்னேன்: "இப்போதைக்குக் குசினியில மட்டும் வெட்டி ஒட்டுவம். தண்ணி ஓடும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

'பிறகு' என்றால் எதற்குப் பிறகு என்று நானும் சொல்லவில்லை, ரெஜினாவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனிதாபிமானத்தோடு ஒரு முடிவெடுத்துவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு நிறைவு. வெள்ளவத்தைக் கடை வாசல் குடைச் சாடியின் உறுத்தலும் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்தது.

பாஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. உடைந்த துண்டை வெட்டி எடுத்து, புதுப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி, இரண்டு பக்கமும் இறுக்கி, அன்று பின்னேரமே குசினித் தரையை மூடிவிட்டார். கக்கூஸ் தண்ணீர் போனது. போகும் வழியில், "ஆறு கிழமைக்குப் போதும்," என்றேன். பாஸ், "கடவுளுக்குத்தான் தெரியும், மிஸ்," என்றார்.

ஆறு கிழமை போனது. ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. சாவுச் செய்தி என்று நினைத்து எடுத்தேன். கக்கூஸ் அடைத்துவிட்டது என்றார். போய் அழுத்தத் தண்ணீர் அடித்துக் குழாயைக் கழுவிவிட்டு வந்தோம். பெரியவர் படுத்திருந்தார், கையை உயர்த்தினார். இன்னும் இரண்டு மாதத்தில் மீண்டும் போன். பிறகு மாதத்துக்கு ஒரு தரம். கடைசியில் மூன்று கிழமைக்கு ஒரு தரம்.

வெளியே சொல்ல வெட்கமான ஒன்றை இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு தரமும் அந்த அறையைத் தாண்டும்போது, என் கண் அவர் முகத்தில் ஒன்றைத் தேடும். மெலிந்திருக்கிறாரா? மூச்சு வாங்குகிறதா? இன்னும் எத்தனை நாள் இந்த ஒட்டு தாங்கவேண்டும் என்பதை அந்த முகத்தில்தான் பார்த்தேன். அவர் மெலியவில்லை. ரெஜினா கஞ்சியும் முட்டையும் ஊட்டி, எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் எதிர்வீட்டு முஸ்லிம் பெண் பகலில் வந்து பக்கத்தில் இருந்து, அவர் கொஞ்சம் தேறிக்கூட இருந்தார். வாய் முதலில் குழறியது, பிறகு தெளிந்தது. "வாங்க மகள்," என்பார். நான் "சுகமா ஐயா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் குசினிக்குப் போய்விடுவேன்.

இப்படி ஒரு வருடமும் இரண்டு மாதமும் போயிற்று.

ஒரு நாள் காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் போல ரெஜினா வேலை செய்யும் இடத்திலிருந்து பேசினார். எதிர்வீட்டு ராத்தா அழைத்துச் சொன்னாராம், இந்தத் தரம் தண்ணீர் வருவது குசினியில் இல்லை, அப்பாவின் அறையில். "நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன் மிஸ். நீங்க முதல்ல போறீங்களா?"

நானும் பாஸும் போய்ச் சேர்ந்தபோது ராத்தா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் துணியுமாக நின்றார். நடு அறைத் தரையின் வெடிப்பொன்றிலிருந்து அழுக்குத் தண்ணீர் கசிந்து, கட்டில் கால்களைச் சுற்றி நின்றது. மழையில் மண் ஊறியதும், கட்டிலுக்குக் கீழே இருந்த குழாய் இடிந்து இறங்கிவிட்டது. நாற்றம் தாங்க முடியவில்லை. அதன் நடுவே அந்த மனிதர் வெள்ளை விரிப்பின் மேல், கண்ணை விட்டத்தில் பதித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தார். எழுந்து விலகக்கூட முடியாதவர்.

ராத்தா என்னிடம், "ரெண்டு மணித்தியாலமா இப்பிடியே ஈக்காரு மிஸ். ஒரு சொல் சொல்லல்ல," என்றார்.

நான் முதல்முறையாக அந்தக் கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா," என்றேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இண்டைக்கு வருமெண்டு எனக்குத் தெரியும் மகள்."

"எப்பிடி ஐயா?"

"பின்னால கக்கூஸ்ல தண்ணி ஊத்தினா எனக்குக் கேக்கும். குசினிக்குக் கீழ கடகடவெண்டு வரும். என்ட முழங்காலுக்கு நேர வந்ததும் சத்தம் மெலியும். இடுப்புக்கிட்ட நிண்டிடும். கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சிட்டுத்தான் மறுபடி போகும். எத்தினை நேரம் நிக்குதெண்டு நான் எண்ணுவேன். வேற என்ன வேல எனக்கு? முதல் மாசம் நாப்பது எண்ண முந்திப் போயிடும். கிறிஸ்மஸ் நேரம் நூறு. போன கிழமை முந்நூறு எண்ணினேன். காலையில எண்ணிக்கிட்டே இருந்தேன், போகவேயில்ல."

பாஸ் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தமிழுக்கும் அது விளங்கியிருந்தது. எங்கள் கமராவால் பார்க்க முடியாத எட்டு அடியை, இந்த மனிதர் பதினான்கு மாதமாக முதுகால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே தொய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக மோசமாகிறது என்பதெல்லாம் அவரிடம் இருந்தது.

"ஏன் ஐயா இதை எங்களிட்டச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே மகள். வந்தா நேரா குசினிக்குத்தானே போவீங்க." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "முதல் நாள் வாசல்ல நிண்டு ரெஜினாவோட கதைச்சீங்க. மிச்சத்தைப் பிறகு பாப்பமெண்டு. அந்தப் 'பிறகு' எதெண்டு எனக்கு விளங்கிச்சு. சரிதான் எண்டு நானும் இருந்தேன். நானும் போறன் போறன் எண்டுதான் பாக்குறேன் மகள், போக ஏலாமக் கெடக்கு. என்னால உங்களுக்கும் வேல முடியல. பிள்ளைக்கும் கரைச்சல்."

ஒரு மனிதர் எப்போது சாவார் என்று கணித்து, அதற்கேற்ப அளவெடுத்து ஒரு குழாயை ஒட்டியிருக்கிறேன். அதை அவர் படுக்கையில் கிடந்து கேட்டிருக்கிறார். பிறகு பதினான்கு மாதம், நான் வரும்போதெல்லாம், இன்னும் சாகாமல் இருப்பதற்காக என்னிடம் கூச்சப்பட்டுக்கொண்டு கையை உயர்த்தியிருக்கிறார்.

ரெஜினா நனைந்தபடி ஓடிவந்தார். தரையைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் எழுந்துபோய், "டொக்டர் என்ன சொன்னவர் எண்டதைச் சொல்லுக்குச் சொல் சொல்லுங்கோ," என்று கேட்டேன்.

"அசைக்கக் கூடாதெண்டு…"

"எங்க அசைக்கக் கூடாது? கட்டிலை விட்டா? அறையை விட்டா?"

அவருக்குத் தெரியவில்லை. 'கிழமைக் கணக்கு' என்று கேட்ட நாளில் அதற்குமேல் எதுவும் காதில் ஏறியிருக்காது. நான் அங்கேயே நின்று அவரைக்கொண்டு டொக்டரை போனில் கூப்பிட வைத்தேன். டொக்டர் சொன்னார்: அம்புலன்ஸில் ஏற்றித் தூர இடங்களுக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் அன்று சொன்னேன், கட்டிலோடு பக்கத்து அறைக்கு மாற்றுவதில் என்ன வந்தது, தூசி மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடு அறைக்கும் ஹோலுக்கும் இடையில் பத்து அடி. அந்தப் பத்து அடியை ஒருவரும் டொக்டரிடம் கேட்கவில்லை. முக்கியமாக, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலையை இரண்டாகப் பிரித்திருக்கலாம். அவரை ஹோலில் வைத்துவிட்டு நடு அறை, பிறகு தேவைப்பட்டால் அவரைத் திருப்பி வைத்துவிட்டு ஹோல். இது பெரிய பொறியியல் இல்லை. முதல் நாள் ரெஜினாவின் கண்ணீரைக் கண்டதும் எனக்கு யோசிப்பது முடிந்துவிட்டது. இரக்கம் வந்தால் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்துவிடுகிறோம். அதில் நான் மாட்டிக்கொண்டேன். நீங்களும் மாட்டுவீர்கள்.

நான் திரும்பப் போய்ப் பெரியவரிடமே கேட்டேன். "ஐயா, இந்த அறையில இருக்கிற குழாயை மாத்தவேணும். மூண்டு நாலு நாள் ஹோல்ல இருக்க ஏலுமா உங்களால?"

அவர் என்னை வடிவாக, நேருக்கு நேர் பார்த்தார். "ஹோல்ல இருந்தா றோட்டுத் தெரியுமே மகள்," என்றார்.

நான்கு பேர் சேர்ந்து கட்டிலைத் தூக்கினோம். பாஸ் தலைமாட்டில், நானும் ரெஜினாவும் ஒவ்வொரு பக்கம், ராத்தாவின் மகன் கால்மாட்டில். வாசலுக்கு நேரே, கதவு திறந்தால் ஒழுங்கை தெரியும்படி வைத்தோம். நடு அறை வாசலுக்கு ஈரச் சாக்கும் பொலித்தீனும் கட்டினோம். பாஸ் உடைக்கிற மெசினை எடுக்கவில்லை. தூசி வரும் என்று தண்ணீர் ஊற்றி ஊற்றி உளியாலேயே தரையை வெட்டினார். இரண்டு நாள் வேலை நான்கு நாளாயிற்று. கை கொப்பளித்தது. ஒரு வார்த்தை முறையிடவில்லை. பழைய குழாயை எடுத்தபோது அதற்குக் குழாய் வடிவமே இருக்கவில்லை. ஓட்டுத் துண்டுகளும் சேறும்தான். பெரியவர் இடுப்புக்கு நேரே என்று சொன்ன இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண் கரைந்து போயிருந்தது. அதை நிரப்பி, திமிசு போட்டு இறுக்கி, சரிவு பார்த்துப் புதுக் குழாய் போட்டோம்.

அந்த நான்கு நாளும் ஹோல் கலியாண வீடு மாதிரி இருந்தது. ஒழுங்கையால் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "ஆ, சவிரி அண்ணனா?" என்று உள்ளே வந்தார்கள். அவரோடு ஹாபரில் வேலை செய்த இரண்டு பேர் செய்தி கேட்டு வந்து உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, கூடையைத் திறந்து அவருக்குக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே உளிச் சத்தத்துக்கு நடுவே அவர் சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பதினான்கு மாதத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. பாஸ் உளியை வைத்துவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தார், பிறகு வெட்டத் தொடங்கினார்.

நடு அறை முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. ஹோலின் கீழே போகிற பழைய குழாயை என்ன செய்வது? பாஸ் மாற்றத்தான் வேண்டும் என்று நின்றார். "வந்தது வந்தாச்சு மிஸ். பாதி புதுசு, பாதி பழசு எதுக்கு?" நியாயமான பேச்சு. ஒரு பக்கம் எனக்கு நடு அறையின் பயம், மறுபக்கம் வெள்ளவத்தையின் வெட்கம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு யோசிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். "புதுக் குழாயில தண்ணி விட்டாச்சு ஐயா. கீழ எப்பிடிக் கேக்குது?"

"இங்க நிக்கல மகள். வந்த வேகத்திலயே ஓடுது. கால்மாட்டுப் பக்கம் மட்டும் ஒரு சின்னச் சலசலப்பு."

அதோடு நான் நிறுத்தவில்லை. நீங்களும் அதோடு நிறுத்தக் கூடாது. புதுக் குழாய் வழியாகக் கமராவை விட்டோம். இப்போது தண்ணீர் தேங்காததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கால்மாட்டுப் பக்கம் ஒரு மூட்டில் சாந்து உதிர்ந்திருந்தது. மற்றபடி சரிவு நேர். வீதிப் பக்கத்தை அடைத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று ஒரு மணித்தியாலம் பார்த்தோம். அந்த மூட்டளவுக்கு இறங்கி, அதற்குக் கீழே இறங்காமல் நின்றது. அப்போதுதான் சொன்னேன்: அந்த ஒரு மூட்டைத் திறந்து ஒட்டுவோம், மற்றதை விடுவோம்.

"திரும்ப ஒட்டு வேலயா மிஸ்?" என்றார் பாஸ்.

"ஓம் பாஸ். இந்தமுறை குழாயைப் பாத்துச் சொல்லுறன்."

அவர் குனிந்து, ஹோலின் கீழே போகும் குழாயின் வாயைக் கரண்டிப் பிடியால் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து சாந்து குழைக்கப் போனார். அவர் சம்மதித்தார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எல்லாம் முடிந்து, நடு அறைக்குச் சீமெந்து பூசிக் காய்ந்த பிறகு, கட்டிலைத் திருப்பி உள்ளே வைக்க வந்தோம். பெரியவர், "வேணாம்," என்றார். ரெஜினா கெஞ்சிப் பார்த்தார். சனம் பார்க்குமே, படுத்த படுக்கையாக முன் ஹோலில் எப்படி என்றார். "சனம் பாக்கட்டும். நானும் சனத்தைப் பாக்குறேனே," என்றார் அவர். கட்டில் ஹோலிலேயே இருந்துவிட்டது. ரெஜினா தன் சாமான்களை நடு அறைக்கு மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். நான் இரண்டு மூன்று தரம் வேலையில்லாமலே போய் வந்தேன். சும்மா கதிரை போட்டு உட்கார்ந்து பேசினோம். கிரேனின் மேலே, அவ்வளவு உயரத்தில் தனியாக இருந்தால் காலையில் நகரம் எப்படித் தெரியும் என்று சொன்னார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போய்விட்டார் என்று ரெஜினா போனில் சொன்னார்.

செத்த வீட்டுக்கு நானும் பாஸும் போனோம். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி, பிளாஸ்டிக் கதிரை. ஹோலில் பெட்டி வைத்திருந்தார்கள். ஹாபர் ஆட்கள், கோயில் ஆட்கள், ராத்தா வீட்டார் எல்லோரும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் என் காதோடு சொன்னார்: "ரெண்டு நாளா எத்தின சனம் மிஸ். கக்கூஸ் ஒரு தரமும் அடைக்கல." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நானும் பாஸும் திரும்பி பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் அவர் கேட்டார்: "மிஸ், அந்தச் சவிரிமுத்து மஹத்தயா, டொக்டர் சொன்ன மாதிரி ஆறு கிழமையில போயிருந்தா, நீங்க முதல்ல செஞ்சது சரி, இல்லையா?"

நான் நின்றுவிட்டேன். ஓம். அப்படி நடந்திருந்தால் ரெஜினா என்னைக் கடைசிவரை வாழ்த்தியிருப்பார். பாஸும் மிஸ் சொன்னதுதான் சரி என்றிருப்பார். நானும் இன்று உங்கள் முன்னால் அதை என்னுடைய மிக நல்ல தீர்ப்பென்று பெருமையாகச் சொல்லியிருப்பேன். நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அத்தனையும் பெரியவரோடு மாதம்பிட்டி மயானத்தில் புதைந்திருக்கும். அவர் சாகாமல் இருந்தார். அதனால்தான் நான் செய்தது பிழையென்று எனக்குத் தெரிய வந்தது.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.